முன், பின், எனில்: வரிசைப் புதிரும் சொற்பொருள் நுட்பமும்

ஐக்கிய அமெரிக்க நாடுகளில் சட்டம் பயில விழைவோர் முதற்கண் ஏதேனும் ஒரு துறையில் இளங்கலைப் பட்டம் பெறல் வேண்டும். அதன் பின்னரே சட்டக் கல்லூரியில் இடம் கோரலாம். அவ்வாறு கோருவோரை அளந்தறிய 1948-ஆம் ஆண்டு முதல் ஒரு நுழைவுத் தேர்வு நடைபெற்று வருகிறது. அதன் பெயரைச் சுருக்கி ‘எல்சாட்’ என்பர். சட்டக் கல்லூரி நுழைவுக் குழுமம் இதனை நடத்துகிறது. இத்தேர்வின் மதிப்பெண் 120-இல் தொடங்கி 180-இல் முடியும். சட்டம் பற்றிய வினா ஒன்றேனும் இதில் இராது என்பது கேட்போர்க்கு வியப்பளிக்கும். சட்டத்தைக் கற்பிப்பது கல்லூரியின் பணி. கற்கத் தக்க அறிவு உளதா என்று காண்பதே தேர்வின் பணி என்பது அவர்தம் கொள்கை.

இத்தேர்வில் 1982-ஆம் ஆண்டு ஒரு புதிய பகுதி சேர்ந்தது. பகுப்பாய்வுத் திறன் என்பது அதன் முறையான பெயர். மாணவர்கள் அதனைத் ‘தருக்க விளையாட்டு’ என்றே அழைத்தனர். 35 நிமிடம், நான்கு புதிர்கள், இருபத்திரண்டு முதல் இருபத்து நான்கு வரையான வினாக்கள், ஒவ்வொரு வினாவுக்கும் ஐந்து விடைகள். இன்னார் இன்ன நாளில் பேசுவர், இன்ன பொருள் இன்ன இடத்தில் வைக்கப்படும் என்னும் வகையில் சில கட்டளைகளைக் கொடுத்து, அவற்றிலிருந்து எது கட்டாயம் நிகழும், எது நிகழக்கூடும், எது நிகழவே இயலாது என்று வினவுவர். இவற்றுள் கால அட்டவணை அமைக்கும் புதிரே அடிக்கடி வந்தது. தொடங்குவோர்க்கு எளியதும் அதுவே.

நாற்பத்திரண்டு ஆண்டுகள் நிலைத்திருந்த இப்பகுதி 2024 ஜூன் மாதத் தேர்வுடன் நீக்கப்பட்டது. நீக்கப்பட்ட காரணத்தைப் பின்னர்க் காண்போம். நீங்கிய ஒன்றைத் தமிழ்த்துறை மலரில் எழுதுவானேன் என்று ஒரு வினா எழலாம். நம் மாணவர்கள் எழுதும் வங்கித் தேர்வுகளில் இதே குடும்பத்தைச் சேர்ந்த புதிர்கள் இன்றும் வருகின்றன. யார் எந்த நாளில், எந்த மாதத்தில், எந்த மாடியில் என்று அவை கேட்கின்றன. ‘கணக்கு எனக்கு வராது’ என்று சொல்லித் தமிழ் பயில வந்த மாணவர் அவ்வினாக்களைக் கண்டதும் அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடுகிறார். அவற்றிற் கணக்கு என்பது ஆறு வரை எண்ணுவது மட்டுமே. எஞ்சியது முழுவதும் சொற்களை வாசிப்பது. சொற்களை வாசிப்பதற்கென்றே மூன்றாண்டு பயில்பவர் ஓடி ஒளிவது முறையன்று.

மேலும் வினாவெழுப்பி விடை காணும் இலக்கியம் நமக்குப் புதியதும் அன்று. இசுலாமியத் தமிழ் இலக்கியத்தில் முழுமையாகக் கிடைக்கும் மிகப் பழைய நூலாகக் கொள்ளப்பெறும் ஆயிரமசலா, 1572-ஆம் ஆண்டு வண்ணப் பரிமளப் புலவரால் இயற்றப்பெற்றது. ‘மஸ்அலா’ என்னும் அரபுச் சொல்லுக்கே வினா என்பதுதான் பொருள். நூறு மசலாவில் அரசகுமாரி விடுக்கும் புதிர்களை விடுவித்தே தலைவன் அவளை மணக்கிறான்.

புதிர்

எல்சாட் முறையைத் தழுவி இக்கட்டுரைக்கென ஒரு புதிரை அமைத்துள்ளேன். ஒரு கல்லூரியில் திங்கள் முதல் சனி வரை ஆறு மாலைகளில் ஆறு சொற்பொழிவுகள் நிகழவுள்ளன, நாளொன்றுக்கு ஒன்று. பொருள்கள்: ஆயிரமசலா, சீறாப்புராணம், நூறு மசலா, இராஜநாயகம், குணங்குடியார் பாடல்கள், பீரப்பா பாடல்கள். சுருக்கம் கருதி இவற்றை முறையே ஆ, சீ, நூ, இ, கு, பீ என்று குறிப்போம். கட்டளைகள் நான்கு:

ஒன்று: ஆயிரமசலா, சீறாப்புராணத்துக்கு முந்திய ஏதோ ஒரு நாளில் நிகழும்.
இரண்டு: குணங்குடியார் பாடல்களும் பீரப்பா பாடல்களும் அடுத்தடுத்த நாட்களில் நிகழும்.
மூன்று: இராஜநாயகம் புதனன்று நிகழும்.
நான்கு: நூறு மசலா திங்களன்று நிகழுமெனில், சீறாப்புராணம் சனியன்று நிகழும்.

இவ்வளவே. இதனைக் கண்டதும் நம் மாணவருள் நன்கு படித்தவரே முதலில் இடறக் காண்கிறேன். ஆயிரமசலா பதினாறாம் நூற்றாண்டு. உமறுப் புலவரின் சீறா பதினேழாம் நூற்றாண்டு. இராஜநாயகமோ பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கம். ஆகவே சீறாவுக்குப் பின்னரே இராஜநாயகம் வருதல் வேண்டும் என்று இலக்கிய வரலாற்றை உள்ளே கொணர்ந்துவிடுகிறார். கட்டளையில் அவ்வாறு இல்லை. வெள்ளிக்கிழமை நம் கல்லூரியில் நேரம் மாறுபடும் என்பதும் புதிருக்குத் தெரியாது. தாளில் உள்ளது மட்டுமே உண்மை. தாளுக்கு வெளியே நாம் அறிந்தது எத்துணை உண்மையாயினும் அங்கே அயலார். நீதிமன்றத்தில் பதிவாகாத சான்றை நீதிபதி கருத்திற் கொள்ளாததுபோல என்க. சட்டக் கல்லூரிகள் இப்பயிற்சியை விரும்பியதன் காரணங்களுள் இதுவும் ஒன்றாதல் வேண்டும்.

முன், பின்

முதற் கட்டளையில் ‘முந்திய ஏதோ ஒரு நாள்’ என உள்ளது. உடனே முந்திய நாள் என்று கூறவில்லை. ஆ திங்களன்றும் சீ சனியன்றும் வரினும் கட்டளை நிறைவேறிவிடும். மாணவர் பலர் ‘ஆ, சீ’ என்று அருகருகே எழுதிக்கொண்டு, பின்னர் அவ்வெழுத்துகளின் அருகாமையையே கட்டளையாக நம்பிவிடுகின்றனர். இதனைத் தவிர்க்க இடையே புள்ளிகள் இட்டு ‘ஆ … சீ’ என எழுதுக. அடுத்தடுத்து வருவனவற்றைக் கட்டமிட்டு ‘[கு பீ]’ என எழுதி, ‘வரிசை மாறலாம்’ என்று அருகே குறித்துக்கொள்க. இரண்டாம் கட்டளை யார் முதலில் என்று சொல்லவில்லை என்பதை மறத்தலாகாது.

‘முன்’ என்னும் சொல் தமிழில் இடத்தையும் காலத்தையும் ஒருங்கே குறிக்கும். ‘முன்னோர்’ என்றால் கழிந்தவர். ‘முன்னேறு’ என்றால் இனி வரும் பக்கம் செல். பேச்சு வழக்கில் ‘கூட்டத்தை இரண்டு நாள் முன்னே தள்ளு’ என்றால் ஒருவர் திங்கள் என்பார். மற்றவர் வெள்ளி என்பார். ஆங்கிலத்தில் அமைந்த புதிரைத் தமிழில் நினைத்துப் பார்க்கும் மாணவர்க்கு இம்மயக்கம் உண்மையாகவே இடர் தருகிறது. எனவே ‘முன்’, ‘பின்’ என்று மனத்துள் சொல்லாமல் இடப்பக்கம், வலப்பக்கம் என்று தாளின் மீது வைத்துக்கொள்வது நன்று. திங்கள் இடக்கோடி; சனி வலக்கோடி. முந்தியது எல்லாம் இடம். ‘இருவருக்கும் இடையே இரண்டு நாட்கள்’ என்பதும் ‘இரண்டு நாட்கள் கழித்து’ என்பதும் வேறு வேறு. திங்களுக்கும் வியாழனுக்கும் இடையே இரண்டு நாட்கள்; திங்களிலிருந்து இரண்டு நாட்கள் கழித்து வருவது புதன்.

‘அல்லது’ என்னும் சொல் பற்றியும் ஒரு குறிப்பு. எல்சாட் தேர்வில் ‘இது அல்லது அது’ என்றால் இரண்டும் சேர்ந்து நிகழ்தலையும் அச்சொல் தடுக்காது. தடுக்க வேண்டின் ‘இரண்டும் அன்று’ என்று வெளிப்படையாகச் சொல்வர். நம் வழக்கிலோ ‘காப்பி அல்லது தேநீர்’ என்றால் இரண்டையும் கேட்பவரை விந்தையாகப் பார்ப்போம்.

எனில்

நான்காம் கட்டளையே இப்புதிரின் உயிர். தொல்காப்பியர் வினையெச்ச வாய்பாடுகளுள் ‘செயின்’ என்பதையும் ஒன்றாக வைத்தார். ஒன்று நிகழின் மற்றொன்று நிகழும் என்னும் நிபந்தனைப் பொருள் அதற்கு உண்டு. நூ திங்களில் நிகழின் சீ சனியில் நிகழும். இதிலிருந்து நாம் பெறத்தக்கது ஒன்று, பெறத்தகாதன இரண்டு.

பெறத்தக்கது: சீ சனியன்று இல்லையெனில், நூ திங்களன்று இல்லை. நூ திங்களில் இருந்திருப்பின் சீ சனிக்குப் போயிருக்கும் அன்றோ? போகவில்லை, ஆகவே நூ அங்கு இல்லை. இரு பக்கங்களையும் இடம் மாற்றி, இரண்டையும் எதிர்மறை ஆக்குக. இது நான்காம் கட்டளையின் மறுவடிவமே.

பெறத்தகாதன: சீ சனியன்று நிகழ்கிறது, ஆகவே நூ திங்களன்று நிகழும் என்பது ஒன்று. நூ திங்களன்று இல்லை, ஆகவே சீ சனியன்று இல்லை என்பது மற்றொன்று. இரண்டும் கட்டளை சொல்லாதவை. ‘மழை பெய்தால் முற்றம் நனையும்’ என்றால், முற்றம் நனைந்திருப்பதைக் கண்டு மழை பெய்தது என்று துணிதல் இயலாது. யாரேனும் நீர் தெளித்திருக்கலாம். இவ்வளவு எளியதாகத் தோன்றுவது தேர்வு அறையில் எளியதாக இராது. இவ்விரு வழுக்களையும் நம்பியே வினா அமைப்போர் பிழைவிடைகளைச் சமைக்கின்றனர்.

இதே கட்டளை வேறு உடைகளிலும் வரும். ‘சீறா சனியன்று நிகழ்ந்தாலன்றி நூறு மசலா திங்களன்று நிகழாது’ என்றாலும் அதுவே. ‘சீறா சனியன்று நிகழ்ந்தால் மட்டுமே நூறு மசலா திங்களன்று நிகழும்’ என்றாலும் அதுவே. ஆனால் ‘சீறா சனியன்று நிகழ்ந்தாலே நூறு மசலா திங்களன்று நிகழும்’ என்று எழுதினால்? ஏகாரத்தைப் பிரிநிலையாகக் கொள்வோர் ‘மட்டுமே’ என்று பொருள் காண்பர். ‘நிகழ்ந்தால் போதும்’ என்று கொள்வோர்க்குக் கட்டளை தலைகீழாக மாறிவிடும். ஓரெழுத்து இடைச்சொல் ஒன்று ஒரு கட்டளையையே புரட்டுகிறது. இடையியலை மதிப்பெண்ணுக்காக மட்டும் மனனம் செய்யும் மாணவர் இதனைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

இவ்விடத்தில் நம் மார்க்கச் சட்ட மூலக் கலையான உசூலுல் ஃபிக்ஹை நினையாதிருத்தல் இயலாது. மணவிலக்குப் பெற்ற பெண்கள் கருவுற்றிருந்தால், மகப்பேறு வரை அவர்களுக்குச் செலவளிக்க வேண்டும் என்னும் கட்டளை திருக்குர்ஆனின் 65-ஆம் அத்தியாயத்தில் உள்ளது. மீட்க இயலாத மணவிலக்குப் பெற்ற பெண் கருவுறவில்லையெனில்? ஷாஃபிஈ அறிஞர்கள் ‘மஃப்ஹூமுல் முகாலஃபா’ என்னும் எதிர்க்கருத்தை, உரிய வரையறைகளுடன், சான்றாக ஏற்பவர்கள். நிபந்தனை இல்லாத இடத்தில் கட்டளையும் இல்லை. ஆகவே அவளுக்கு உறைவிடம் உண்டு, செலவுத்தொகை இல்லை என்றனர். ஹனஃபீ அறிஞர்கள் அம்முறையை ஏற்பதில்லை. வசனம் கருவுற்றவளைப் பற்றிச் சொன்னது. மற்றவளைப் பற்றி அவ்விடத்தில் வாளாவிருந்தது. வாளாவிருத்தல் மறுத்தலாகாது என்பது அவர்தம் நெறி. வேறு சான்றுகளைக் கொண்டு இத்தா முடியுமளவும் அவளுக்கும் செலவுத்தொகை உண்டென்றனர். கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈ மத்ஹபும் உள்நாட்டு ஊர்களில் ஹனஃபீ மத்ஹபும் பரவியுள்ள நம் தமிழகத்தில் இவ்வேறுபாடு வெறும் ஏட்டுச் செய்தி அன்று. ஒரு பெண்ணின் மூன்று மாத உணவு ஓர் ‘எனில்’ என்னும் சொல்லைப் படிக்கும் முறையிலே தங்கியிருந்திருக்கிறது.

எந்த மத்ஹப் சரியானது என்று உரைப்பது இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது. இறைவசனத்தில் ஒவ்வொரு சொல்லும் பயன் கருதி அமைந்தது என்னும் நம்பிக்கையே எதிர்க்கருத்துக்கு வலுவளிக்கிறது. தேர்வுத்தாளில் அந்நம்பிக்கைக்கு இடமில்லை. அங்கே சொல்லாதது சொல்லாததே. இமாம் கஸ்ஸாலி (1058–1111) ‘அல்முஸ்தஸ்ஃபா’ என்னும் தம் சட்டமூல நூலின் தொடக்கத்திலேயே தருக்கத்தை முன்னுரையாக வைத்ததன் அருமை இத்தகைய இடங்களில் விளங்கும்.

கட்டம் அமைத்தல்

இனிப் புதிருக்குத் திரும்புவோம். ஆறு கட்டங்கள் வரைக. மூன்றாவதில் இ என்று எழுதுக. இப்போது அடுத்தடுத்து வரவேண்டிய கு, பீ இணை எங்கே அமரும் என்று பார்த்தால், புதன் நடுவே நிற்பதால் மூன்றே இடங்கள் உள்ளன: திங்கள்–செவ்வாய், வியாழன்–வெள்ளி, வெள்ளி–சனி. மிகுதியான இடம் பிடிப்பதையும் அசையாமல் நிற்பதையும் முதலில் வைத்தல் வேண்டும். பந்தியில் பெரிய அண்டாவை முதலில் இறக்கிவிட்டுச் சிறு கிண்ணங்களை இடைவெளிகளில் வைப்பதுபோல. தனித்து நிற்பதும் கட்டுப்பாடு குறைந்ததுமான எழுத்திலிருந்து தொடங்கும் மாணவர் பத்து முறை அழித்து எழுதுகிறார்.

முதல் நிலை: இணை திங்கள்–செவ்வாயில். எஞ்சியவை வியாழன், வெள்ளி, சனி. ஆ, சீ, நூ மூன்றையும் ஆ முந்தும்படி அடுக்க மூன்று வழிகள்: ஆ சீ நூ, ஆ நூ சீ, நூ ஆ சீ. நூ திங்களில் இல்லாமையால் நான்காம் கட்டளைக்கு இங்கே வேலை இல்லை.

இரண்டாம் நிலை: இணை வியாழன்–வெள்ளியில். எஞ்சியவை திங்கள், செவ்வாய், சனி. மீண்டும் அதே மூன்று வழிகள். மூன்றாம் வழியில் நூ திங்களில் அமர்கிறது; சீயும் சனியில் அமர்கிறது. கட்டளை நிறைவேறியது.

மூன்றாம் நிலை: இணை வெள்ளி–சனியில். எஞ்சியவை திங்கள், செவ்வாய், வியாழன். இங்கே சனி பறிபோயிற்று. சீ அங்கே செல்ல இயலாது. ஆகவே நூ திங்களில் அமர இயலாது. மூன்றாம் வழி விழுந்தது. எஞ்சியவை இரண்டு.

ஆக எட்டு வழிகள். ஒவ்வொன்றிலும் கு, பீ இடம் மாறலாம் என்பதால் பதினாறு. கட்டளைகள் ஏதும் இல்லையேல் ஆறு பொருள்களை 720 விதமாக அடுக்கலாம். நான்கு வாக்கியங்கள் அவற்றைப் பதினாறாகக் குறைத்துவிட்டன. பதினாறையும் தனித்தனியே எழுதவேண்டா. மூன்று நிலைகளைச் சிறு கோடுகளாக வரைந்துகொண்டால் போதும்.

வினாக்கள்

முதல் வினா பெரும்பாலும் இவ்வாறு வரும்: பின்வருவனவற்றுள் எது ஏற்கத்தக்க வரிசை?

1. ஆ, கு, இ, பீ, சீ, நூ
2. கு, பீ, இ, சீ, ஆ, நூ
3. நூ, ஆ, இ, சீ, பீ, கு
4. ஆ, சீ, நூ, இ, கு, பீ
5. பீ, கு, இ, நூ, ஆ, சீ

ஒவ்வொரு விடையையும் நான்கு கட்டளைகளோடு ஒப்பிடுவது நேரத்தைத் தின்னும். மாறாக ஒவ்வொரு கட்டளையையும் எடுத்துக்கொண்டு விடைகள் மீது ஓட்டுக. முதற் கட்டளை இரண்டாம் விடையை வீழ்த்தும். இரண்டாம் கட்டளை முதல் விடையை வீழ்த்தும். மூன்றாம் கட்டளை நான்காம் விடையை. நான்காம் கட்டளை மூன்றாம் விடையை. எஞ்சியது ஐந்து. அதனைச் சரிபார்க்கவும் வேண்டுவதில்லை.

இரண்டாம் வினா: நூறு மசலா திங்களன்று நிகழுமெனில் எது கட்டாயம் உண்மை? நம் மூன்று நிலைகளில் நூ திங்களில் அமர்வது இரண்டாம் நிலையில் ஒருமுறை மட்டுமே. அங்கே ஆ செவ்வாய், சீ சனி. ஆகவே ‘ஆயிரமசலா செவ்வாயன்று’ என்பது விடை. கு வியாழனா, வெள்ளியா என்பது தீராது; ‘குணங்குடியார் பாடல்கள் வியாழனன்று’ என்னும் விடை கவர்ச்சியாக நிற்கும்; அது நிகழக்கூடியது, கட்டாயமானது அன்று. ‘கூடும்’ என்பதற்கும் ‘வேண்டும்’ என்பதற்கும் உள்ள தொலைவே பல வினாக்களில் மதிப்பெண்ணுக்கும் இழப்புக்கும் உள்ள தொலைவு.

மூன்றாம் வினா: குணங்குடியார் பாடல்கள் சனியன்று நிகழுமெனில் எது கட்டாயம் உண்மை? இவ்வினாவை நான் மிக விரும்புகிறேன். கு சனியெனில் பீ வெள்ளி. சனியில் சீ இல்லை. ஆகவே, மறுவடிவத்தால், திங்களில் நூ இல்லை. திங்களில் சீயும் இராது, ஆ அதற்கு முந்த வேண்டுமாதலால். இ புதனில். திங்களுக்கு உரியவர் யார்? ஆயிரமசலா ஒன்றே. சனிக்கிழமை பற்றிய செய்தி ஒன்று திங்கட்கிழமையைத் தீர்மானித்துவிட்டது. செவ்வாயும் வியாழனும் சீ, நூ ஆகியவற்றுக்கு எவ்வாறும் பகிரப்படலாம்.

நான்காம் வினா: சீறாப்புராணம் சனியன்று நிகழுமெனில் நூறு மசலா திங்களன்று நிகழ வேண்டுமா? வேண்டா. கு, பீ, இ, ஆ, நூ, சீ என்னும் வரிசை எல்லாக் கட்டளைகளுக்கும் உடன்பட்டது. அதில் நூ வெள்ளியன்று நிற்கிறது. ஓர் எடுத்துக்காட்டு போதும். ‘கட்டாயம்’ என்னும் கூற்று வீழ்ந்துவிடும்.

நேரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டுவதில்லை. 35 நிமிடத்தில் நான்கு புதிர்கள் என்றால் ஒன்றுக்கு எட்டே முக்கால் நிமிடம். அதில் மூன்று நிமிடத்தைக் கட்டளைகளை வாசித்துக் கட்டம் அமைப்பதற்கே செலவிடலாம். அது வீண் அன்று. எல்சாட் தேர்வில் தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை என்பதால் தெரியாத வினாவுக்கும் ஏதேனும் ஒன்றைக் குறித்துவிடுவர். நம் வங்கித் தேர்வுகளில் தவறான விடைக்குக் கால் பங்கு மதிப்பெண் பறிபோகும். அமெரிக்கப் பயிற்சி நூல்களைப் படிக்கும் மாணவர் அந்த ஒரு பழக்கத்தை மட்டும் விட்டுவிட வேண்டும்.

கண்ணும் கருத்தும்

நீக்கப்பட்ட காரணத்துக்கு வருவோம். மேலே ‘கட்டம் வரைக’, ‘கோடு இடுக’, ‘எழுதிக்கொள்க’ என்று எத்தனை முறை எழுதினேன் என்று பாருங்கள். அமெரிக்கப் பயிற்சி நூல்கள் யாவும் வரைபடத்தையே அடித்தளமாகக் கொண்டவை. மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த பார்வையற்ற ஒருவர், வரைய இயலாத தமக்கு இப்பகுதி நேர்மையான அளவுகோல் ஆகாது என்று 2011-இல் நீதிமன்றத்தை நாடினார். முதல் வழக்கில் அவர் கருதியது கைகூடவில்லை. வழக்குகள் தொடர்ந்தன. இறுதியில் 2019 அக்டோபரில் நுழைவுக் குழுமத்துடன் உடன்பாடு ஏற்பட்டது. பகுப்பாய்வுத் திறனை அளக்க வேறு வழிகளை நான்காண்டுக்குள் ஆராய்ந்து காண்பதாகக் குழுமம் ஒப்புக்கொண்டது. அவ்வாராய்ச்சியின் முடிவாக 2024 ஆகஸ்ட் முதல் தருக்க விளையாட்டு நீங்கிற்று. உரைநடைப் பத்திகளில் அமைந்த வாதங்களை ஆராயும் பகுதி இரட்டிப்பாயிற்று.

இதனால் தேர்வு தன் தரத்தை இழந்தது என்போரும் உளர். பயிற்சியால் மிக விரைந்து முன்னேறத்தக்க பகுதி இதுவே என்று பெயர் பெற்றிருந்ததனால், ஆங்கிலத்தில் வளமான வாசிப்பு வாய்க்காத வீடுகளிலிருந்து வருவோர்க்கு இதன் நீக்கம் ஓரிழப்பே. அவ்வருத்தத்தை நான் பொருளற்றது என்று தள்ளமாட்டேன். ஆயினும் கேட்க வேண்டிய வினா வேறு. அளக்க வந்தது எதனை? முடிவு காணும் திறனையா, கோடு வரையும் திறனையா? பார்வையின்மை தீர்ப்புரைக்கும் அறிவுக்குத் தடை என்று நம் மரபு கருதியதில்லை. பார்வையற்ற தோழரான அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களை, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவை விட்டுச் சென்ற காலங்களில் தம் பொறுப்பில் அமர்த்தினார்கள். தமிழில் அந்தகக்கவி வீரராகவர் பாடிய பனுவல்கள் நம் பாடத்திட்டங்களில் இடம்பெற்றவை.

தாளும் எழுதுகோலும் இன்றி இத்தகைய கட்டளைகளை மனத்துள்ளேயே சுமக்க இயலுமா என்பார்க்கு அவதானக் கலையை நினைவூட்டலாம். 1907-ஆம் ஆண்டு சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் நிகழ்த்திய செய்குத்தம்பிப் பாவலர், ஒரே வேளையில் பலர் விதித்த வேலைகளை நினைவில் நிறுத்தி ஒவ்வொன்றையும் நிறைவேற்றிக் காட்டினார். ஈற்றடி கொடுப்பார் ஒருவர், முதுகில் கல்லெறிவார் ஒருவர், மணியடிப்பார் ஒருவர். எறிந்த கற்களின் எண்ணிக்கையும் தவறலாகாது, யாப்பும் தவறலாகாது. அது எல்லார்க்கும் வாய்ப்பதன்று. எவரிடமும் எட்டே முக்கால் நிமிடத்தில் அதனை எதிர்பார்ப்பதும் நீதியன்று. ஆயினும் நம் வகுப்பில் பார்வையற்ற மாணவர் இருப்பின், ஆசிரியர் இப்புதிரை வாய்மொழியாக நடத்தும் வழி ஒன்று உண்டு. ஆறு நாற்காலிகளை வரிசையாக இட்டு, ஆறு மாணவரை நூற்பெயர் சூட்டி அமர்த்தி, கட்டளைகளைச் சொல்லி இடம் மாறச் செய்யலாம். குரல் எத்திசையிலிருந்து வருகிறது என்பதே வரைபடம் ஆகும். பார்வையுள்ள மாணவர்க்கும் இம்முறை தாளைவிடத் தெளிவாக விளங்குகிறது.

நம் நாட்டுச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான ‘கிளாட்’ தேர்வும் 2020 முதல் பத்திகளை வாசித்து விடையளிக்கும் முறைக்கு மாறியது. இரு நாடுகளிலும் வாசிப்பே முன்னிற்கிறது.

பயிற்சிக்காக ஒன்று தருகிறேன். மூன்றாம் கட்டளையை மட்டும் மாற்றி, இராஜநாயகம் வியாழனன்று நிகழும் எனக் கொள்க. இப்போதும் வரிசைகள் பதினாறே கிடைக்கும். எண்ணிக்கை ஏன் மாறவில்லை? கு, பீ இணைக்கு இப்போது எந்த மூன்று இடங்கள் உள்ளன, அவற்றுள் எங்கே நான்காம் கட்டளை ஒரு வழியை வீழ்த்துகிறது என்று கண்டால் காரணம் புலப்படும். அதன்பின், குணங்குடியார் பாடல்கள் சனியன்று நிகழுமெனில் திங்களன்று யார் என்னும் வினாவை மீண்டும் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.